ஆயா வைத்த மஞ்சள்

என் இடது முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. எட்டு வயதில், சிதம்பரம் வீட்டில், வடிகஞ்சி கொட்டியது. ஆயா மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். "தழும்பே தெரியாதுடா தம்பி" என்றாள். நல்லாவே தெரியுது.

இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் மஞ்சள் வழக்கு பற்றிப் படித்தேன். 1995 மார்ச்சில், காயத்துக்கு மஞ்சள் வைக்கும் முறைக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு. மாஷேல்கர் தலைமையில் இருந்த சிஎஸ்ஐஆர் 1996இல் அதை எதிர்த்தது. சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என 32 ஆதாரங்களை அடுக்கியது. 1997இல் காப்புரிமை நிராகரிக்கப்பட்டது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இப்போது யோசித்தால், அங்கே நிரூபணமானது இந்த வைத்தியம் பழசு என்பது மட்டும்தான். எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது அந்த வழக்கின் கேள்வியே இல்லை.

ஆயாவின் வைத்தியத்தில் எனக்குச் சந்தேகம் மஞ்சள் மேல் இல்லை, துணி மேல். தினமும் காலையில் அது காயத்தோடு ஒட்டிக் கிடக்கும். பிய்த்தால் புதுத்தோலும் கூடவே வரும். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் காயங்களை வைத்துக் காட்டினார்: மூடி ஈரமாக வைத்தால் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடுகிறது. காய்ந்து பொருக்குத் தட்டினால், புதுச் செல்கள் அதற்கடியில் தவழ்ந்து வழி தேட வேண்டும். இன்றைய ஜெல் டிரெஸ்ஸிங்குகளுக்கு அடிப்படை இதுதான். பெரும்பகுதி தண்ணீர், அதைப் பிடித்துவைக்க ஒரு பாலிமர் வலை. போன வருடம் கடலூரில் பைக்கிலிருந்து விழுந்தபோது நர்ஸ் அதைத்தான் வைத்தார். பிரிக்கும்போது வலிக்கவே இல்லை.

அந்த ஜெல்லுக்குள் மஞ்சளை வைத்துவிட்டால்? சிக்கல் அங்கேதான். 1815லேயே பிரித்தெடுக்கப்பட்ட குர்குமின் தண்ணீரில் கரையாது. ஜெல்லோ தண்ணீர். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2004இல் அதைக் கொலாஜன் படலத்துக்குள் வைத்து எலிகளிடம் சோதித்தார்கள். காயம் வேகமாகச் சுருங்கியது. ஆனால் எலியின் தோல் பெரும்பாலும் சுருங்கித்தான் மூடும், நம்முடையது அவ்வளவாகச் சுருங்காது. தழும்பு வேறு கணக்கு. அழற்சி நீண்டுபோனால் செல்கள் கொலாஜனை அளவுக்கு மீறிக் கொட்டும், அதுதான் தடிப்பு. குர்குமின் அழற்சியைத் தணிக்கும், சரி. ஆனால் முதல் சில நாள் காயத்தைச் சுத்தம் செய்வதும் அதே அழற்சிதான். எப்போது, எவ்வளவு என்பதில்தான் வேலை இருக்கிறது.

மூலிகை என்றாலே சாது என்பவர்களைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரம் அங்கே நிற்கிறது. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

"கெளைய தொடாதீங்க சார்" என்றார் படகுக்காரர். தழும்புக் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.