கேபிள்காரர் விட்டுப்போன ஒயர்

வாசுதேவநல்லூரில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் கரண்டுக் கம்பிக்குக் கீழே கறுப்பாகத் தடித்த கேபிள் டிவி ஒயர் ஒன்று போகும். அதோடு சேர்த்துக் கட்டிய மெல்லிய ஃபைபரும் இப்போது போகிறது. ஃபைபர் வந்தபிறகு பல வீடுகளில் பழைய ஒயருக்கு வேலை இல்லை. ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, சுவரோரமாக ஆணியடித்த கிளிப்புகளில் ஓடி, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். வெள்ளையடிக்க வருகிறவர் அதன்மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார்.

இந்தச் செத்த ஒயரிலேயே வீட்டுக்குள் நெட்டை ஓட்டலாம், அதுவும் வைஃபையைவிடச் சீராக. இந்த முறைக்கு மோக்கா என்று பெயர். என்னவோ புது வித்தை போலத் தெரிந்தாலும், ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைத்த ஈதர்நெட் தவழ்ந்து பழகியதே இந்த வகை ஒயரில்தான். அந்த ஒயரை வீடுகளுக்கு இழுக்கத் தொடங்கி வைத்ததும் நம் ஊரைப்போல மலையடிவார ஊர்கள்தான்.

முதலில் கோஆக்ஸ் எனப்படும் இந்த ஒயரைப் பார்த்துவிடலாம். பிளேடால் சுற்றிக் கீறினால் கறுப்புத் தோலுக்குள் பின்னிய கம்பி வலை, அதற்குள் பளபளக்கும் அலுமினியத் தாள், அதற்குள் வெள்ளை நுரை, நடுவில் ஒற்றைக் கம்பி. நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையில் அடைபட்டே சிக்னல் ஓடுவதால் வெளி இரைச்சல் உள்ளே வராது, உள்ளிருப்பது வெளியே கசியாது. இந்த அமைப்புக்கு 1880-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. அதைப் பெருவழியாக மாற்றியவர்கள் அமெரிக்க டெலிபோன் நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் லாயிட் எஸ்பன்ஷீடும் ஹெர்மன் ஆஃபெலும். ஒரே ஒயரில் நூற்றுக்கணக்கான பேச்சுகளையும் டிவி படத்தையும் அனுப்பலாம் என்று 1929-ல் விண்ணப்பம் போட்டார்கள். நடுக்கம்பியின் தடிமனுக்கும் வெளி வலையின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்து ஒயரின் மின்மறுப்பு அமையும்; இடையில் காற்று மட்டும் இருந்தால், அது 75 ஓம் பக்கம் வரும்போது இழப்பு மிகக் குறைவாக இருக்கும். நம் வீட்டு ஒயரிலும் அந்த 75-தான்.

ஒயரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது மலை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குப் பிலடெல்பியா ஒளிபரப்பு எட்டவில்லை, மலை மறித்தது. மஹனாய் சிட்டியில் டிவி விற்றுக்கொண்டிருந்த ஜான் வால்சன், படம் தெரியாத பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் மலையுச்சியில் ஆன்டெனா நட்டு ஒயரைக் கீழே இறக்கினார். அது 1948 என்பது அவர் சொன்ன கணக்கு. பக்கத்து லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்டன் 1950-ல் செய்ததற்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது. அவருக்குச் சாமான் கொடுத்த ஜெரால்டு எலக்ட்ரானிக்ஸின் முதலாளி மில்டன் ஷாப், பின்னாளில் அந்த மாநிலத்துக்கே கவர்னர் ஆனார். கேபிள் டிவியும் அரசியலும் கைகோத்துப் போவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை போலும்.

ஜெரால்டு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1973-ல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒன்று கூடும்போதெல்லாம் ஒயரை வெட்டினால் மற்ற எல்லோருக்கும் நெட்வொர்க் நின்றுவிடும். கேபிள் டிவிக்காரர்கள் வெட்டாமலேயே ஊசி போன்ற முனையைத் தோலுக்குள் இறக்கிச் சிக்னல் எடுக்கும் ‘டேப்’ ஒன்று வைத்திருந்தார்கள். அதுதான் ஜெரால்டு டேப். அதையே எடுத்து மாட்டினார்கள். அந்த வருஷம் மே 22-ல் மெட்காஃப் எழுதிய அலுவலகக் குறிப்பில்தான் ஈதர்நெட் பிறந்தது. முதல் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். உலகத்து ஆபீஸ்களையெல்லாம் இணைத்த ஈதர்நெட், கேபிள்காரர் கடைச் சாமானில் வளர்ந்த பிள்ளை.

பிறகு பிள்ளை வீட்டைவிட்டுப் போனது. டெலிபோன் ஒயர் மாதிரி முறுக்கிய ஜோடிக் கம்பிகளில் ஓடும் ஈதர்நெட்டுக்கு 1990-ல் தர அளவு வந்தது. அது மலிவு, வளைக்கவும் சுலபம். ஆபீஸ்களிலிருந்து கோஆக்ஸ் மெல்ல வெளியேறியது.

வீடுகளிலோ தலைகீழ். நம் பக்கம் எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலைப் பார்த்து உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டினோம். அதிலிருந்து பெரும்பாலும் பட்டை ஒயர்தான் இறங்கும். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தபிறகு கேபிள்காரர்கள் தெருத்தெருவாகக் கோஆக்ஸ் இழுத்தார்கள். 2007-ல் அரசு கேபிள் நிறுவனம் உருவாகி, அதன் நான்கு கட்டுப்பாட்டு நிலையங்களில் ஒன்று திருநெல்வேலியில் அமைந்தது. 2011-ல் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி தொடங்கியபோது கேபிள் போகாத தெருவே இல்லை என்றாயிற்று. இதே காலத்தில் மொட்டை மாடிகளில் டிஷ் முளைத்து, இன்னொரு ஒயர் ஹாலுக்கு இறங்கியது.

அமெரிக்க வீடுகளில் படுக்கையறைக்கு ஒன்றாகக் கேபிள் முனைகள் சுவருக்குள்ளேயே இருந்தன. 2001-ல் சான் டியாகோவில் தொடங்கிய என்ட்ரோபிக் என்ற சிறு கம்பெனி அதில்தான் கண் வைத்தது. டிவி சேனல்கள் ஏறத்தாழ 1000 மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒயர் சும்மா கிடக்கிறது. அங்கே டேட்டாவை அனுப்பினால் என்ன?

இடைஞ்சல் ஸ்பிளிட்டரில் இருந்தது. உள்ளங்கை அளவுள்ள அந்தப் பெட்டி ஒரு வாயில் வருவதை இரண்டு மூன்று வாய்க்குப் பிரித்துக் கொடுக்கும். ஒரு டிவியின் இரைச்சல் அடுத்த டிவிக்குப் போகாதபடி வெளிவாய்களுக்கு நடுவே வேண்டுமென்றே தடை வைத்துச் செய்தது. நெட்வொர்க்குக்கோ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அந்தத் தடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்தப் பக்கம் போய்ச் சேர்வது மெலிந்த சிக்னலும் அதன் எதிரொலிகளும்தான். அதனால் என்ட்ரோபிக்காரர்கள் டேட்டாவை இருநூற்றுச் சொச்சம் குட்டி அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சோதித்து, தெளிவாகப் போகிறதில் நிறையவும் தடுமாறுகிறதில் குறைவாகவும் ஏற்றி அனுப்பினார்கள். என்ட்ரோபிக்கின் பிழைப்பே இந்தத் தாண்டலில்தான் இருந்தது.

முறை வைப்பதிலும் ஒரு மாற்றம். மெட்காஃபின் ஈதர்நெட்டில் ஒயர் அமைதியாக இருந்தால் யாரும் பேசலாம், மோதினால் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பேச வேண்டும். மோக்காவில் இருக்கிற பெட்டிகளில் ஒன்று, குளத்துப் பாசனத்தில் நீர்பாய்ச்சி மடை திறந்துவிடுவதுபோல, யாருக்கு எந்த நொடித்துளி என்று பிரித்துக் கொடுக்கும். மோதலே கிடையாது.

2004-ல் சிஸ்கோ, காம்காஸ்ட், மோட்டரோலா, பானசோனிக், டோஷிபா போன்றவர்களோடு என்ட்ரோபிக் சேர்ந்து மோக்கா என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தியது. 2006-ல் முதல் தர அளவு, நொடிக்கு 100 மெகாபிட் பக்கம். 2016-ல் வந்த 2.5 பதிப்பு 2,500 வரை போகும். அமெரிக்க டெலிபோன் கம்பெனியான வெரைசான் தன் ஃபைபர் வாடிக்கையாளர் வீடுகளில் இதையே நம்பியது. புது ஒயர் இழுக்கச் சுவரைத் துளைக்கிற வேலை அதற்கு மிச்சம்.

சரி, வாசுதேவநல்லூருக்கு ஒத்துவருமா? ஹாலில் ஃபைபர் பெட்டி, மாடியறையில் லேப்டாப், நடுவில் பழைய கனத்த சுவரும் கான்கிரீட் தளமும் என்றால் வைஃபை திணறத்தான் செய்யும். மத்தளம்பாறையில் ஸோஹோ வந்தபிறகு தென்காசிப் பக்கம் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்ப்பது அதிசயமில்லை. இரண்டு அறைக்கும் கோஆக்ஸ் போயிருந்தால் ஒயரின் முனைக்கு ஒன்றாக இரண்டு மோக்கா அடாப்டர் மாட்டினால் போதும். நம்மூர்க் கடைகளில் லேசில் கிடைக்காத சாமான், விலையும் உறைக்கும்.

அதற்குமுன் ஒயர் நெடுகிலும் கையால் தடவிப் பாருங்கள். நடுக்கம்பியை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் டிவி ஓடியிருக்கும், 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது ஒப்பேறாது. வெட்டிவிட்டு இரு முனைக்கும் எஃப் கனெக்டர் அடித்து இணைக்க வேண்டும். சாரலில் நனைந்து வலை கறுத்திருந்தால் அந்தத் துண்டையே தூக்கிப் போடலாம். ஸ்பிளிட்டரின் உடம்பில் 5–1000 என்று அச்சிட்டிருந்தால் 1675 வரை போகிறதாக மாற்ற வேண்டும். தெருக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் வேண்டும், இல்லையென்றால் உங்கள் நெட்வொர்க் அடுத்த வீட்டு ஒயரையும் தொட்டுப் பார்க்கும். ஓடுகிற டிஷ் ஒயரில் சாதாரண மோக்காவை மாட்டவே வேண்டாம். டிஷ் சிக்னல் 950 முதல் 2150 வரை அதே இடத்தில்தான் ஓடுகிறது, செட் டாப் பாக்ஸ் அந்த ஒயர் வழியாகவே மாடிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் அனுப்பும்.

ஒயர் கிளிப்பில் ஓடாமல் சுவருக்குள் பைப்பில் ஓடியிருந்தால் மோக்காவே தேவையில்லை. கோஆக்ஸின் ஒரு நுனியில் கேட்-6 என்ற முறுக்கிய ஜோடி ஒயரை இறுக்கிக் கட்டி, மறுமுனையை ஒருவர் பிடித்து இழுத்தால் பழையது வெளியே வர, புதியது உள்ளே வந்துவிடும்.