முளைக்க மறுத்த கீரை

மேற்குக் கென்யாவில் லுவோ மக்கள் 'டெக்' என்றும், கிசி மக்கள் 'சின்சாகா' என்றும் சொல்லும் ஒரு கீரை உண்டு. லேசான கசப்பு. அந்தக் கசப்பு போகப் பால் சேர்த்து நிதானமாக வேகவைப்பார்கள். அதன் தாவரவியல் பெயரைத் தேடிப் பார்த்தால், அது நம்மூர் நல்வேளை! தரிசிலும் சாலையோரத்திலும் தானாக வந்து நிற்குமே, அதேதான். யாரும் விதைக்காமல் வளரும் இந்தச் செடி, பாத்தி கட்டி விதைத்தால் மட்டும் முளைக்க மாட்டேன் என்கிறது. ஏன் இந்தப் பிடிவாதம் என்று தேடப் போனேன். விடையில் பாதி தாவரவியல், மீதி வரலாறு.

முட்டைக்கோஸை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தோட்டங்களில் நூற்றாண்டுகளாக இருந்த பயிர். விதைத்ததும் முளைத்த செடிகள்தான் அறுவடை வரை வந்தன, அவற்றின் விதைதான் அடுத்த வருடத்துக்குப் போனது. தாமதமாக எழுந்தவை கழிந்துபோயின. இப்படி யாரும் திட்டமிடாமலேயே விதையின் உறக்கம் வடிகட்டப்பட்டது. மிச்ச வேலையை விதை வியாபாரிகள் முடித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் கென்யாவுக்கு வந்து இறங்கியது இப்படிப் பழக்கப்பட்ட விதை. காலனிய வேளாண்மைத் துறையின் அக்கறை காபி, தேயிலை மேல். உள்ளூர்க் கீரைகளுக்கு அது வைத்த பெயர் களை. 1963இல் விடுதலை வந்தது, ஆனால் அந்தப் பார்வை உடனே போய்விடவில்லை. இன்று கென்ய உணவின் அடையாளமாகிவிட்ட 'சுகுமா விக்கி'கூட முட்டைக்கோஸின் உறவுக்காரக் கீரைதான், வெளியிலிருந்து வந்தது. சுவாஹிலியில் அந்தப் பெயருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். கையில் காசில்லாத நாட்களை ஓட்டுவதற்கான மலிவான கீரை.

இந்தப் பார்வையை மாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் தோட்டக்கலைப் பேராசிரியர் மேரி அபுகுட்சா-ஒன்யாங்கோ. சிறுவயதில் அவருக்குப் பால், முட்டை, மீன் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் சமைத்த கீரைகளைச் சாப்பிட்டு வளர்ந்தவர். பிறகு அந்தக் கீரைகளையே தன் ஆராய்ச்சியாக்கினார். முட்டைக்கோஸைவிட இவற்றில் இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ-வும் அதிகம் என்பது பேசப்பட ஆரம்பித்ததும் நைரோபி சூப்பர் மார்க்கெட்டுகள்வரை தேவை வளர்ந்தது. ஆனால் விதைக்கு எங்கே போவது? பெரும்பாலான விவசாயிகளிடம் இருந்தது அவர்களே எடுத்துவைத்த விதை. சிலது முளைக்கும், சிலது முளைக்காது.

காரணம் கீரைக்குக் கீரை வேறு. 'ம்ரெண்டா' சணல் இனத்துக் கீரை. அதன் விதைத்தோல் தண்ணீரையே உள்ளே விடாது. துணியில் முடிந்து, கொதிக்கும் தண்ணீரில் பத்து விநாடி போல முக்கி எடுத்தால் தோல் இளகும். 'மனாகு' நம் மணத்தக்காளிக்குச் சொந்தம். பழச்சதையைச் சுத்தமாகக் கழுவாமல் விதையைக் காயவைத்தால், ஒட்டியிருக்கும் சர்க்கரையும் பிற பொருட்களும் முளைப்பைத் தடுக்கும். டெக் இன்னும் விசித்திரம். புதிதாக எடுத்த விதை தூங்கும். உலர்வாகச் சில மாதம் வைத்திருந்தால் எழும். ஒச்சுவோதோ, மோடி என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இந்த விதைக்கு வெளிச்சம் ஆகாது. இருட்டும் 30 டிகிரி சூடும் கிடைத்தால் நன்றாக முளைக்கிறது. அதாவது புது விதையை, குளிர்ந்த அறையில், விளக்கொளியில் வைத்துச் சோதித்தால் உயிருள்ள விதைக்கும் 'செத்த விதை' என்ற சான்றிதழ்தான் கிடைக்கும்.

நான் மென்பொருள் வேலை செய்பவன். எங்கள் வேலையில் எல்லா சர்வரையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் பண்ண மாட்டோம். ஒன்று விழுந்தால் மற்றவை தாங்க வேண்டும். டெக் செய்வதும் அதைத்தான். முதல் மழையை நம்பி எல்லா விதையும் எழுந்துவிட்டால், அதன் பின் மழை பொய்க்கும்போது மொத்தமும் காலி. கொஞ்சம் விதை மண்ணுக்குள் காத்திருந்தால் அடுத்த மழைக்கு ஆள் இருக்கும். நாம் குறை என்று எழுதிவைப்பது, காட்டில் அதன் காப்பீடு.

ஆனால் கால் ஏக்கர் வைத்திருக்கும் பெண்ணிடம் போய் இந்தத் தத்துவத்தைப் பேச முடியாது. மழை தொடங்கும்போது போட்ட விதை முளைக்காவிட்டால் அவருக்கு அந்தப் பருவமே போச்சு. அடுத்த முறை அவர் பேசாமல் சுகுமா விதை வாங்குவார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அதனால் முளைப்பை மேம்படுத்தத்தான் வேண்டும். எங்கே மேம்படுத்துவது என்பதில்தான் என் தயக்கம். உறக்கத்தை மரபணுவிலிருந்தே நீக்கலாம், முட்டைக்கோஸுக்கு நடந்தது போல. அப்படிச் செய்தால் வறட்சிக்கான காப்பீடும் சேர்ந்து போகும். இல்லையென்றால் விதையை அப்படியே விட்டு, அதைக் கையாளும் அறிவைப் பரப்பலாம். கழுவுவது, கொதிநீரில் முக்குவது, சில மாதம் பொறுப்பது எல்லாம் செலவில்லாத காரியங்கள்.

நான் இரண்டாவதன் பக்கம். விதைப் பொட்டலத்தில் முளைப்பு விகிதத்தை மட்டும் அச்சிட்டால் போதாது. எந்த மாதம் அறுவடை செய்தது, எந்த மாதத்துக்கு அப்புறம் விதைக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். களை என்று ஒதுக்காமல் இருந்திருந்தால், அந்த இரண்டு வரியை நூறு வருடம் முன்பே எழுதியிருக்கலாம்.