இரண்டாம் வன்தட்டும் முதற்கட்டளையும்
ஒரு கணனியில் இரு பணிசெயல் முறைமைகள் குடிகொண்ட வரலாறு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் வேகம் பெருகியமையையும் பருமன் சிறுத்தமையையுமே விதந்து கூறுவர். ஒரே கணனியில் இரண்டு பணிசெயல் முறைமைகளைக் குடியிருத்தும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, அதற்கு இரண்டாவது வன்தட்டு ஒன்று ஏன் நாடப்பட்டது என்பன தொழில்வல்லாரின் சில்லறைக் கருமங்களாக எண்ணப்பட்டு ஒதுக்கப்படுவதுண்டு. ஆயின் அவற்றுக்கு விடை தேடுமிடத்து அவற்றினும் அடிப்படையான வினா ஒன்று எதிர்ப்படுகின்றது. மின் கொடுத்ததும் விழித்தெழும் பொறி முதன்முதலாக யாருடைய கட்டளையை நிறைவேற்றுகின்றது? அக்கட்டளையைத் தெரிவுசெய்யும் உரிமை பொறியை ஆள்பவரிடம் உள்ளதா, பொறியைச் செய்தவரிடம் உள்ளதா, அன்றிப் பணிசெயல் முறைமையை விற்றவரிடம் உள்ளதா? இரண்டாம் வன்தட்டின் வரலாறு இவ்வுரிமை கைமாறிய வரலாறாகவே அமைகின்றது.

பணிசெயல் முறைமை என்பது நினைவகம், தட்டு, விசைப்பலகை, திரை முதலியவற்றை ஒழுங்குபடுத்தி ஏனைய செய்நிரல்கள் இயங்குதற்கு இடமளிக்கும் தலைமைச் செய்நிரலாகும். அதுவும் ஒரு செய்நிரலே ஆதலின் தட்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். தட்டிலிருந்து ஒன்றை வாசித்து நினைவகத்தில் ஏற்றுவதற்கோ முன்னரே ஒரு செய்நிரல் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். தன் சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னை மேலே தூக்க முயல்பவனின் நிலையை ஒத்தது இது. ஆங்கிலத்தில் இச்செயலைக் குறிக்க வழங்கும் 'பூட்' என்னும் சொல்லும் அவ்வுவமையின் வழியாகவே வந்தது. இச்சிக்கலை அவிழ்க்கும் வழி யாதெனின், மிகச் சிறியதொரு செய்நிரலைப் பொறி தானாகவே வாசிக்குமாறு செய்து, அது தன்னினும் பெரியதொன்றை அழைக்க, அப்பெரியது முறைமை முழுவதையும் அழைக்குமாறு படிமுறையாக அமைப்பதாகும். இப்படிகளுள் முதலாவதைக் கைக்கொண்டவரே ஏனைய படிகளையும் தீர்மானிப்பவராகின்றார்.

1. குமிழ்களின் காலம்

1964 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஐ.பி.எம். கம்பனி தனது 360 வரிசைக் கணனிகளை அறிவித்தது. அவற்றின் கட்டுப்பாட்டுப் பலகையிலே திருப்பத்தக்க மூன்று குமிழ்கள் பொருத்தப்பட்டிருந்தன. எச்சாதனத்திலிருந்து தொடங்குதல் வேண்டுமோ அதன் எண்ணை இயக்குநர் அக்குமிழ்களில் அமைத்து, ஏற்றும் பொத்தானை அழுத்துவார். பொறி அச்சாதனத்திலிருந்து 24 பைற்றுக்களை மாத்திரம் தானாக வாசித்து, அவற்றில் கூறப்பட்டவாறு மேற்செல்லும். அக்காலத்துத் தட்டுக்கள் பொதிகளாகக் கழற்றி மாற்றத்தக்கனவாயிருந்தமையும் நோக்கற்பாலது. 360 வரிசையுடன் வழங்கிய 2311 என்னும் தட்டு இயக்கியின் பொதியொன்று 7.25 மில்லியன் பைற்றுக்களைக் கொள்ளும். அவ்வரிசைக்கென ஓ.எஸ்./360, டொஸ்/360 என ஒன்றுக்கு மேற்பட்ட முறைமைகள் இருந்தமையால், ஒரு பொதியில் ஒன்றும் மற்றொரு பொதியில் மற்றொன்றுமாக வைத்து, வேண்டியபோது வேண்டியதைத் தொடக்குதல் இயலுமாயிற்று.

1969 இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடக்கிவைத்த யூனிக்ஸ் முறைமை பல்கலைக்கழகங்களை அடைந்தமைக்கும் இக்கழற்றத்தக்க பொதிகள் துணைபுரிந்தன. பி.டி.பி.-11 என்னும் சிறுகணனியைச் செய்த டிஜிற்றல் கம்பனி அதற்கெனத் தானே பணிசெயல் முறைமைகளை வழங்கியிருந்தது. அவற்றை அழித்துவிடாமலே, வேறொரு பொதியில் வந்த யூனிக்ஸை ஆய்வாளர் பரீட்சித்துப் பார்க்கலாம். பிடிக்காவிடின் பொதியைக் கழற்றிப் பழையதை இட்டால் பழைய நிலை மீண்டுவிடும். இரண்டாம் தட்டு அளிக்கும் பயன் இதுவே. உள்ளதை இழவாது புதியதைத் தேர்ந்து பார்க்கும் வாய்ப்பு. அக்காலத்தில் அவ்வாய்ப்பு பொறியின் அருகில் நின்றவரின் கையில் இருந்தது. அத்தகைய பொறிகள் பெரு நிறுவனங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் மட்டுமே வாய்த்தன என்பது அதன் மறுபக்கமாகும்.

2. நிலைத்த தட்டும் ஒற்றை வாயிலும்

1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12 ஆம் திகதி ஐ.பி.எம். கம்பனி தனியாள் கணனியை அறிவித்தபோது அதற்கென மூன்று பணிசெயல் முறைமைகள் குறிப்பிடப்பட்டன. மைக்ரோசொவ்ற் கம்பனியிடமிருந்து பெறப்பட்ட பி.சி. டொஸ், கெரி கில்டாலின் கம்பனி ஆக்கிய சீ.பி./எம்.-86, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பீ-முறைமை என்பன அவை. முதலாவது 40 டொலருக்கும் இரண்டாவது 240 டொலருக்கும் விற்கப்பட்டன. இவ்விலை வேறுபாடே போட்டியின் முடிவைப் பெரிதும் நிர்ணயித்தது. எனினும் தெரிவு என்னவோ பயனரிடமே இருந்தது. எந்த நெகிழ்தட்டு இயக்கியில் இடப்படுகின்றதோ அதிலுள்ள முறைமை தொடங்கும்.

1983 மார்ச் மாதத்தில் வெளிவந்த எக்ஸ்.ரி. வகைக் கணனியுடன் நிலை மாறிற்று. அதன் 10 மெகாபைற்று வன்தட்டு பெட்டியினுள்ளே நிலையாகப் பொருத்தப்பட்டது. கழற்றி மாற்றவியலாத தட்டில் பல முறைமைகள் இடம்பெறுதற்காக டொஸ் 2.0 பதிப்புடன் பகுப்பு அட்டவணை என்னும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. வன்தட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைற்றுக் கூறே அதன் இருப்பிடமாகும். அதில் 446 பைற்றுக்கள் தொடக்கச் செய்நிரலுக்கும், 64 பைற்றுக்கள் நான்கு பகுதிகளைப் பற்றிய விவரத்துக்கும், 2 பைற்றுக்கள் முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. நான்கு பகுதிகளுள் ஒன்று 'செயற்படுவது' எனக் குறிக்கப்படும். பொறி அதனையே தொடக்கும்.

இவ்வேற்பாட்டை வகுத்தோர் ஒரு தட்டில் நான்கு முறைமைகள் அருகருகே வாழலாம் என எதிர்பார்த்தனர் என்பது இதனாற் புலனாகும். ஆயின் இடம் நான்காகப் பகுக்கப்பட்டதேயன்றி வாயில் ஒன்றாகவே இருந்தது. 446 பைற்றுக்களில் யார் இறுதியாக எழுதினாரோ அவரே வாயில் காப்போரானார்.

இரண்டாம் வன்தட்டின் நிலை இதனினும் இக்கட்டானது. 1984 இல் வந்த ஏ.ரி. வகைக் கணனியில் இரண்டு வன்தட்டுக்களைப் பொருத்தலாம். ஆயினும் பயோஸ் என்னும் நிலைச் செய்நிரல் நெகிழ்தட்டை அடுத்து முதலாம் வன்தட்டையே நோக்குமன்றி இரண்டாவதைத் தானாக நாடாது. 1980களின் பிற்பகுதியிற் பரவிய ஏ.ரி.ஏ. இணைப்பு முறையில் ஒரே வடத்திற் கோக்கப்பட்ட இரு தட்டுக்களும் 'எசமான்', 'அடிமை' எனப் பெயர் பெற்றன. தட்டின் பின்புறத்துள்ள ஊசிகளிற் செருகப்படும் சிறு துண்டொன்றின் இடத்தைப் பொறுத்து இத்தகுதி தீர்மானிக்கப்பட்டது. எனவே இரண்டாம் தட்டில் ஒரு முறைமையை நிறுவியவருக்கு மூன்று வழிகளே இருந்தன. முதலாம் தட்டின் முதற்கூறிலே தன் தொடக்கச் செய்நிரலை எழுதுதல் ஒன்று. ஒவ்வொரு முறையும் நெகிழ்தட்டிலிருந்து தொடக்குதல் மற்றொன்று. பெட்டியைத் திறந்து தட்டுக்களின் தகுதியை மாற்றுதல் பிறிதொன்று.

3. இரண்டாம் தட்டு நாடப்பட்டமைக்கான காரணங்கள்

இத்துணை இடர்ப்பாடு இருந்தும் 1990களில் இரண்டாம் தட்டில் நிறுவும் வழக்கம் பெருகியமைக்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று பொருளாதாரம் சார்ந்தது. தட்டுக்களின் விலை வீழ்ந்து கொள்ளளவு பெருகியபோது புதியதை வாங்கியவரிடம் பழைய தட்டு எஞ்சியது. மற்றையது அச்சம். டொஸ் முறைமையுடன் வந்த எப்டிஸ்க் என்னும் கருவியால் ஒரு பகுதியைச் சுருக்க முடியாது. அதனை அழித்து மீள ஆக்கவே முடியும். அழித்தால் அதிலுள்ள கோப்புக்கள் யாவும் போய்விடும். பின்னர் சுருக்கும் கருவிகள் வந்தபோதும் ஒரே தட்டைப் பகுத்தாள்வது துணிகரச் செயலாகவே கருதப்பட்டது.

இவ்வச்சம் வீணானதன்று என்பதற்கு லினக்ஸின் தோற்றமே சான்று. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ், அன்ட்ரூ ரனன்பாம் கற்பித்தலுக்காக 1987 இல் வெளியிட்ட மினிக்ஸ் முறைமையைத் தம் கணனியில் வைத்துக்கொண்டு, அதன் துணையுடன் 1991 இல் லினக்ஸை எழுதினார். ஒருநாள் தொலைபேசி இணைப்புக் கருவிக்கு அனுப்பவேண்டிய கட்டளைகளைத் தவறுதலாக வன்தட்டுக்கே அனுப்பிவிட, மினிக்ஸ் இருந்த பகுதி சிதைந்தது. அதனை மீள நிறுவாது லினக்ஸையே முழுமையாக்குவதென அவர் முடிவுசெய்தார். அவருக்கு அது நன்மையாய் முடிந்தது. ஆய்வேட்டையோ கணக்கேட்டையோ அதே தட்டில் வைத்திருந்த ஒருவருக்கு அத்தகைய தவறு எத்தன்மைத்தாயிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

லினக்ஸைத் தொடக்குவதற்கு வேர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்னும் ஏற்றி அக்காலத்திற் பெருவழக்காயிற்று. உரோம எழுத்தில் நான்கெழுத்தாலான அதன் பெயர், தொடக்கத்தின் படிகள் நிறைவேற நிறைவேற எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றும். இரண்டெழுத்துடன் நின்றுவிடின் இரண்டாங் கட்டச் செய்நிரல் ஏற்றப்பட்டும் இயங்கவில்லை என்பது பொருள். இதற்குத் தட்டின் அமைப்பைப் பயோஸ் ஒருவாறாகவும் லினக்ஸ் வேறொருவாறாகவும் கணக்கிட்டமை ஒரு காரணமாகும். பயோஸ் உருளைகளை எண்ணுதற்குப் பத்துத் துவித இலக்கங்களையே கொண்டிருந்தமையால் 1024 உருளைகளுக்கு அப்பாலுள்ள எதனையும் அதனால் எட்டவியலாது. ஏ.ரி.ஏ. தட்டின் 16 தலைகள், 63 கூறுகள் என்னும் எல்லையுடன் இது சேரும்போது 528 மெகாபைற்றுக்கு மேற்பட்ட இடம் தொடக்கத்தின்போது பயனற்றதாயிற்று.

முறைமைகளை விற்றோரும் இத்தேவையை அறியாதிருந்தாரல்லர். 1992 இல் வந்த ஓ.எஸ்./2 இன் இரண்டாம் பதிப்பு, தொடக்க முகாமை என ஒன்றைத் தன்னுடன் கொணர்ந்தது. 1993 இல் வெளியான விண்டோஸ் என்.ரி. பழைய டொஸ்ஸின் தொடக்கக் கூறைக் கோப்பாகப் பேணி, எத்தட்டில் எப்பகுதியில் எம்முறைமை உள்ளது என்பதை எளிய எழுத்துக் கோப்பொன்றிற் குறித்து வைத்தது. ஆனால் 1995 இல் வெளியான விண்டோஸ் 95, நிறுவப்படுகையில் முதற்கூறை மீள எழுதிற்று. இரண்டாம் தட்டிலிருந்த லினக்ஸ் ஓர் எழுத்தும் அழியாது அங்கேயே இருக்க, அதற்குச் செல்லும் வழி மட்டும் மறைந்தது. விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவுக என்னும் விதி இவ்வனுபவத்தின் வழியாகப் பிறந்ததே.

1996 சனவரியில் கொம்பக், பீனிக்ஸ், இன்ரெல் ஆகிய கம்பனிகள் வெளியிட்ட பயோஸ் தொடக்க வரையறை இந்நிலையை ஓரளவு மாற்றிற்று. எத்தட்டை முதலாவதாக நோக்குவது என்பதைப் பயனரே ஒழுங்குபடுத்தும் வசதி இதன்பின் பரவியது. முதலாம் தட்டின் வடத்தைக் கழற்றிவிட்டு இரண்டாவதில் நிறுவி, பின்னர் இரண்டையும் இணைத்து, ஆளியை அழுத்தும்போது ஒரு விசையால் தெரிவுசெய்யும் முறை எளிதாயிற்று. ஒன்றின் முதற்கூறை மற்றையது தீண்டாது. 1964 இன் குமிழ்கள் வேறோர் உருவில் மீண்டன எனலாம்.

4. ஒப்பந்தத்தால் மூடப்பட்ட வாயில்

வாயிலைத் தொழில்நுட்பம் மட்டுமே அடைத்தது எனக் கொள்வது பொருந்தாது. 1990களின் இறுதியில் பீ என்னும் சிறு கம்பனி பீஓஎஸ் என்னும் முறைமையை விற்க முயன்றது. ஜப்பானின் ஹிற்றாச்சி கம்பனி தான் விற்ற சில கணனிகளில் விண்டோஸுடன் பீஓஎஸ்ஸையும் நிறுவி அனுப்பியது. ஆயின் ஆளியை அழுத்தியபோது தெரிவு எதுவும் திரையிற் தோன்றவில்லை, விண்டோஸே தொடங்கிற்று. பீஓஎஸ் வன்தட்டில் மறைந்து கிடந்தது. கணனி செய்வோருடன் மைக்ரோசொவ்ற் கம்பனி செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே இதற்குக் காரணமெனக் கூறி 2002 இல் பீ கம்பனி வழக்குத் தொடுத்தது. 2003 செப்ரெம்பரில் 23.25 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் வழக்கு இணக்கமாய் முடிந்தது. மைக்ரோசொவ்ற் குற்றத்தை ஏற்கவில்லை. அதற்குள் பீ கம்பனி தன் உடைமைகளை விற்று மறைந்திருந்தது. ஒரு முறைமை நிறுவப்பட்டிருத்தல் வேறு, அது தெரிவுக்கு உரியதாயிருத்தல் வேறு என்பதை இவ்வழக்குப்போல் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி பிறிதில்லை.

5. கையொப்பத்தின் காலம்

2005 இல் அமைக்கப்பட்ட மன்றமொன்றின் பொறுப்பில் வளர்ந்த யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் வரையறை பயோஸின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. 512 பைற்று முதற்கூறின் ஆதிக்கம் இதனால் நீங்கிற்று. தொடக்கக் கோப்புக்களுக்கெனத் தனிப் பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு முறைமையும் அதிலே தனக்கென ஓர் அடைவைப் பெற்றது. ஆயினும் பழைய சிக்கல் புது வடிவில் தொடர்வதைக் காணலாம். இரண்டாம் தட்டில் நிறுவுமாறு பணிக்கப்பட்ட நிறுவற் செய்நிரல், தொடக்கக் கோப்புக்களை மட்டும் முதலாம் தட்டிலுள்ள பகுதியில் வைத்துவிடுவதுண்டு. பின்னொருநாள் முதலாம் தட்டு பழுதுற்றாலோ அகற்றப்பட்டாலோ இரண்டாவதும் விழித்தெழாது. நிறுவும்போது முதலாம் தட்டைக் கழற்றிவைக்கும் பழைய வழக்கம் இன்றும் கைவிடப்படாமைக்கு இதுவே காரணம்.

2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான தொடக்கம் என்னும் ஏற்பாடு, நம்பத்தக்க கையொப்பம் உள்ள செய்நிரலையே பொறி தொடக்குதல் வேண்டும் என விதித்தது. முறைமைக்கு முன்னதாகவே புகுந்துகொள்ளும் தீய செய்நிரல்களைத் தடுப்பது இதன் நோக்கமாகும், அது நியாயமானதே. எனினும் பெரும்பாலான கணனிகளிற் பதிக்கப்பட்ட திறவுகோல் மைக்ரோசொவ்ற் கம்பனியுடையதாதலின், லினக்ஸ் வெளியீட்டாளரும் அக்கம்பனியின் கையொப்பம் பெற்ற இடைச் செய்நிரலொன்றை நாட வேண்டியவராயினர். 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, இரு முறைமைகள் கொண்ட கணனிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்குவதைத் தடுத்துவிட்டது. தட்டைப் பிரித்து வைத்தல் கோப்புக்களைக் காத்ததேயன்றி, தொடங்கும் உரிமையை முற்றாகக் காக்கவில்லை என்பது இங்கு கருதத்தக்கது.

தொகுத்து நோக்குமிடத்து, முதற்கட்டளையைத் தெரியும் உரிமை இயக்குநரின் குமிழிலிருந்து நெகிழ்தட்டுக்கும், அங்கிருந்து வன்தட்டின் முதற்கூறுக்கும், ஒப்பந்தத்துக்கும், ஈற்றில் கையொப்பத்துக்கும் பெயர்ந்தமை தெளிவாகின்றது. ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் தக்க காரணம் ஒன்று காட்டப்பட்டது. அக்காரணங்களுட் சில உண்மையானவையுமாகும். பாதுகாப்பு வேண்டாமென எவரும் வாதிடார். பாதுகாக்கும் திறவுகோலைப் பொறியின் உரிமையாளரும் வைத்திருக்க வழி உண்டா என்பதே கேட்கப்படவேண்டியது. இன்றைய கணனிகள் பலவற்றில் பயனர் தம் சொந்தத் திறவுகோலைப் பதிக்கவும் அவ்வேற்பாட்டை நீக்கவும் இன்னும் இடமுண்டு. இரண்டாம் வன்தட்டொன்றைப் பொருத்திப் புதிய முறைமையொன்றைப் பரீட்சிக்க முனையும் மாணவர், கருமத்தைத் தொடங்குமுன் அவ்விடம் தம் பொறியில் எங்கே உள்ளது என்பதை அறிந்துகொள்வாராக.