கனவில் புகுந்த குதிரை

மேலை நாட்டு ஓவியங்களிலும் கதைகளிலும் கொடுங்கனவு ஒரு குதிரையாக வருவதுண்டு. ஆங்கிலத்தில் கொடுங்கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்னும் சொல்லில் 'நைட்' இரவு. 'மேர்' பெண் குதிரை. எனவே இரவில் வரும் குதிரையே கொடுங்கனவு எனப் பலர் கொள்வர். ஆயின், அச்சொல்லின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. குதிரை அதனுள் பிற்காலத்தே வந்து புகுந்தது.

பழைய ஆங்கிலத்தில் 'மாரெ' என்பது உறங்குவோரின் மார்பின்மீது ஏறியமர்ந்து மூச்சை அடைக்கும் பெண் ஆவியின் பெயர். வடபுல மொழிகளில் அது 'மாரா'. பிரெஞ்சு மொழியின் 'கோஷ்மார்' என்னும் சொல்லின் இறுதியிலும் அதுவே உறைகிறது. நசுக்குதல், தேய்த்தல் எனும் பொருளுடைய வேர் ஒன்றிலிருந்து இப்பெயர் பிறந்திருக்கலாம் என்பர் மொழியறிஞர். பெண் குதிரைக்குரிய சொல்லோ வேறு வேரினின்று வந்தது. காலப்போக்கில் ஒலி திரிந்து இரண்டும் ஒன்றாயின.

அழுத்தும் ஆவி பற்றிய நம்பிக்கை ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் அதனை 'மேலே பாய்வது' என்றனர். இலத்தீனில் 'மேலே கிடப்பது' என்றனர். நம் சிற்றூர்களில் அது 'அமுக்குவான் பேய்'. உறக்கத்தில் தளர்ந்த தசைகள் இயங்கத் தொடங்குமுன் உணர்வு மட்டும் விழித்துக்கொள்ளும் நிலையே இது என இன்றைய மருத்துவம் விளக்குகிறது.

13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய மன்னர் வரலாற்றில் வன்லாந்தி என்னும் சுவீடன் அரசன் இவ்வாவியால் இறக்கிறான். மூன்றாண்டில் மீள்வதாகக் கூறிச் சென்றவன் பத்தாண்டாகியும் வாராமையால் மனைவி திரீவா சூனியக்காரி ஒருத்தியை நாடுகிறாள். உறங்கும் அரசன் மாரா தன்னை மிதிப்பதாக அலறுகிறான். ஏவலர் தலையைக் காத்தால் காலை மிதிக்கிறது. காலைக் காத்தால் தலையை அழுத்துகிறது. இக்கதையில் மாரா குதிரை வடிவில் வரவில்லை.

நாட்டார் வழக்கிலோ குதிரை ஆவியன்று. ஆவியால் வருந்தும் விலங்கு. விடியலில் வியர்த்து நின்ற குதிரையையும் சிக்குண்ட பிடரிமயிரையும் கண்ட உழவர், இரவெல்லாம் ஆவி அதன்மீது ஏறிச் சவாரி செய்தது என்றனர். அதனைத் தடுக்கத் துளையுள்ள கல்லைக் கட்டி இலாயத்தில் தொங்கவிட்டனர். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரே இவ்வழக்கத்தைப் பதிந்துள்ளார்.

ஏறுபவள் யார் என்ற வினா பெண்களை வருத்தியது. ஐஸ்லாந்தின் 'எய்ர்பிக்யா சாகா'வில், குன்லாகு என்னும் இளைஞன் தோள் கிழிந்து குருதி வடியக் கிடக்கிறான். இரவில் அவன்மீது ஏறியவள் கெய்ரித் என்பவளே என்று வழக்குத் தொடுக்கின்றனர். உடன்பிறந்தான் அர்ன்கெல் உறுதிமொழி கூறியபின்னரே அவள் விடுபடுகிறாள். பின்னர் பழி காட்லா என்னும் மற்றொரு பெண்மீது விழுகிறது. அவள் கல்லால் எறிந்து கொல்லப்படுகிறாள். ஓர் உறக்கத்தின் அச்சம் ஓர் உயிரைக் கொள்ளும் அளவிற்கு வளர்ந்தமை இக்கதையால் புலனாகும்.

1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதி, 'நைட்மேர்' என்பதன் ஈற்றிலுள்ளது உறங்குவோரை வருத்தும் வடபுல ஆவியே என்று விளக்கியது. எனினும் கற்றோர் விளக்கத்தினும் காதில் விழும் ஒலி வலிது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹென்றி ஃபியூசலி 1781இல் தீட்டி 1782இல் இலண்டனில் காட்சிக்கு வைத்த புகழ்பெற்ற ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மார்பில் குறளி ஒன்று அமர்ந்திருக்க, திரையை விலக்கிக் குதிரைத் தலை எட்டிப்பார்க்கிறது. அதற்கு முன் வரைந்த கோட்டோவியம் ஒன்றில் குதிரை இல்லை என்பது நோக்கத்தக்கது. 1977இல் அமெரிக்காவில் வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் விளையாட்டு நூலில் அது தீப்பிழம்பு பறக்கும் முழுக் குதிரையாகவே ஆகிவிட்டது.

ஆக, ஆவியின் கீழ்ப்பட்டு வருந்திய விலங்கே இறுதியில் ஆவியாயிற்று. பழி சுமந்த பெண்டிர் மறக்கப்பட்டனர். சிலேடை பாவலர்க்கு விளையாட்டு. அதே ஒலியொற்றுமை, அறிந்து கையாளுவோர் இல்லாதபோது, பொய்யான வரலாற்றையும் படைத்துவிடும். சொல்லை ஆள்வோர் அதன் பழைய பொருளையும் காத்தல் வேண்டும். அப்பொருளுள் மாந்தர் பட்ட துயரும் அடங்கியிருக்கிறது.