ரஜனி பண்டிட்

ரஜனி பண்டிட் (பிறப்பு: 1962) மும்பையைச் சேர்ந்த தனியார் துப்பறிவாளர். இந்தியாவின் முதல் பெண் துப்பறிவாளர் என்று பரவலாக அறியப்படுகிறார். உலகளவில் முதலாமவர் என்று சொல்லப்படும் கேட் வார்ன், 1856இலேயே சிகாகோவின் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

ரஜனியின் தந்தை காவல் துறையில் இருந்தவர். காந்தி கொலை வழக்கு விசாரணையில் பங்கேற்றவர். மும்பை ரூபாரெல் கல்லூரியில் மராத்தி இலக்கியம் படித்த ரஜனி, முதலில் எழுத்தராக வேலை பார்த்தார். உடன் வேலை செய்த பெண்ணின் வீட்டில் திருடு போனது. மாமியாரின் சந்தேகம், வழக்கம்போல, புதிதாக வந்த மருமகள் மேல் விழுந்தது. ரஜனி தெருவில் நின்று நோட்டமிட்டார். எடுத்தது வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்தது. 1991இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். தமிழ் வாசகர்கள் துப்பறியும் கதைகளில் அறிந்த பரத்–சுசீலா, விவேக்–ரூபலா ஜோடிகளில் பெண் பெரும்பாலும் துணைக்கு வருபவள். இங்கே முதலாளியே அவர்தான்.

அவரே பேட்டிகளில் சொன்ன ஒரு கொலை வழக்கு புகழ்பெற்றது. கணவனையும் மகனையும் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்ணின் வீட்டில், வேலைக்காரியாக ஆறு மாதம் இருந்தார். அந்தப் பெண் நோயில் படுத்தபோது பணிவிடை செய்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் எழுந்து, ரஜனியை வெளியே விடவில்லை. கூலிக்குக் கொன்றவன் வீட்டுக்கு வந்த நாளில், சமையல் கத்தியால் தன் காலையே கீறிக்கொண்டு, கட்டுப் போட வேண்டும் என்று சொல்லி வெளியேறி, தகவல் கொடுத்தார். இருவரும் கைதானார்கள்.

பிப்ரவரி 2018இல், செல்பேசி அழைப்புப் பட்டியல்களைச் சட்டவிரோதமாகப் பெற்று விற்றதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், தானே நகரக் காவல் துறை ரஜனியையும் கைது செய்தது. பின்னர் ஜாமீனில் வந்தார். வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் பல இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. அது சரியல்ல. இந்தத் தொழிலின் சிக்கலே அங்குதான் இருக்கிறது. துப்பறியும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. தனியார் துப்பறிவாளர்கள் ஒருவரைப் பின்தொடரலாம், அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். கைது செய்யவோ சோதனை போடவோ அதிகாரம் கிடையாது.

இதுபோன்ற அழைப்புப் பட்டியல் விவகாரம் ஒன்று மதுரைக்கும் வந்தது. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அந்தரங்கத்தில் புகுந்து திரட்டிய ஆதாரத்தை ஏற்க முடியாது என்று அக்டோபர் 2024இல் தீர்ப்பளித்தார். 'விபோர் கர்க்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலை 2025இல் வேறு பக்கம் சாய்ந்தது: வாழ்க்கைத் துணையுடன் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும், திருமண வழக்கில் அதை ஆதாரமாகக் காட்டலாம். அடுத்தவர் அழைப்புப் பட்டியலைத் தொலைபேசி நிறுவன ஊழியரிடம் காசு கொடுத்து வாங்குவதற்கு இந்தத் தீர்ப்பு அனுமதி தரவில்லை.