சட்டாம்பிள்ளையும் பார்மசி சீனியரும்

திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளைதான். மூத்த மாணவனான அவன் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான்.

1789-ல் எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் விடுதியில் புகுத்த, எட்டு வயதுப் பையன் ஒருவனிடமே கீழ்வகுப்பை ஒப்படைத்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது.

நான் பார்மசி மாணவர்களுக்குப் பாடம் நடத்திய காலத்தில், ஆய்வகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக சீனியர்களை நிறுத்துவோம். மணலில் எழுத்துத் தவறினால் அழித்துவிடலாம். நோயாளி குடித்த மருந்தில் அளவு தவறினால் அழிக்க முடியாது. எனவே முதலில் சீனியர்களைத் தயார்ப்படுத்துவோம்.

அளவுக் குவளையைக் கண்மட்டத்தில் பிடிக்க வேண்டும். லேபிளை எடுக்கும்போது, ஊற்றும்போது, திரும்ப வைக்கும்போது என மூன்று முறை படிக்க வேண்டும். இவற்றைச் செய்துகாட்டினால் போதாது. ஏன் என்றும் சொல்லத் தெரிய வேண்டும். ஜூனியர் தவறினால் சிரிக்காமல் திருத்த வேண்டும். தெரியாததை, "தெரியாது, சாரைக் கேட்போம்" என்று சொல்லவும் பழக வேண்டும்.

சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தை விட்டுவிடலாம், பொறுப்பை விடக்கூடாது.