ஜாப்பாணம் புகையிலையும் ஒரு வெள்ளைக்காரப் பைப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புகை பிடிப்பவன் இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் நாலைந்து சிகரெட், அவ்வளவுதான் என் சாதனை. அப்படிப்பட்டவன் எதற்கு பைப் புகையிலையைப் பற்றி எழுதுகிறான் என்று கேட்டால், அதற்குக் காரணம் எங்கள் டீமில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்.

வட இங்கிலாந்தில் வெயில் அடிக்கும் நாட்கள் கொஞ்சம். அப்படி ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். மனிதர் பாக்கெட்டில் இருந்து தட்டையான ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே கன்னங்கரேல் என்று, கிழிந்த துணி மாதிரி, புகையிலை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் தாத்தாவின் கடை! விழிஞ்ஞத்தில், துறைமுகத்துக்கு இறங்கும் வழியில் இருந்த, ஓலைத் தட்டி போட்ட முறுக்கான் கடை. (வெற்றிலை பாக்குக் கடைக்கு அங்கே அதுதான் பெயர்.)

"இது என்ன?" என்று கேட்டேன். "லடாக்கியா" என்றார். கேட்டுக்கொண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பார்த்தேன். முதலில் அடுப்புப் புகை. அடுத்தது, சத்தியமாகச் சொல்கிறேன், கருவாடு. மூன்றாவதில் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு தித்திப்பு, கருப்பட்டி மாதிரி. பெரியவர் சிரித்துவிட்டு, இதைப் பிடிப்பவர்கள் ஆளுக்கொரு சுவை சொல்வார்கள், தோல், தார், சர்ச்சில் போடும் சாம்பிராணி, எரிந்த டயர் என்று கூடச் சொன்னவர் உண்டு என்றார். கருவாடு என்று சொன்ன முதல் ஆள் நான்தானாம். ஹி ஹி.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, இந்தச் சுவையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

லடாக்கியா என்பது சிரியாவின் துறைமுகப் பட்டணம். அங்கே மலைக் கிராமங்களில் விளைந்த இலையைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஓக் விறகு போட்டு மாதக்கணக்கில் புகை காட்டுவார்கள். ஒரு வருஷம் விளைச்சல் கூடிப்போய், விற்காத இலையைக் குளிர்காலம் முழுக்க வீட்டுக் கூரையில் வைத்ததில் தற்செயலாகக் கிடைத்த சுவை என்று ஒரு கதை உண்டு, கதைதான். உள்ளூரில் அதற்கு 'அபு ரிஹா' என்று பெயர், வாசனையின் தகப்பன். பிறகு காடு அழிகிறது என்று சிரியாவில் அந்தத் தொழில் ஒடுங்க, சைப்ரஸ் தீவு பிடித்துக்கொண்டது.

மரம் எரியும்போது வரும் குவையகால் முதலான பீனால்கள் இலையில் போய் ஒட்டிக்கொள்கின்றன. புகை போட்ட மீனிலும் அதே சரக்குதான், ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியிலும், சீனாவின் லாப்சாங் தேயிலையிலும் அதே குடும்பம்தான். ஆக என் நாக்கு பொய் சொல்லவில்லை. மாசிக் கருவாட்டுக்கும் லடாக்கியாவுக்கும் உறவு உண்டு!

இதற்கு நேர் எதிர், புகையே படாமல் பதமாக்கும் வர்ஜீனியா இலை. 1839ல் வட கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில் ஸ்டீபன் என்ற அடிமை இளைஞன், இலைக் கொட்டிலில் காவல் இருந்தபோது கண் அயர்ந்துவிட்டான். நெருப்பு அணையப் போகிறது. பதறிப்போய், அவன் கொல்லு வேலை செய்பவன், பக்கத்தில் கிடந்த கரியை அள்ளிப் போட்டான். புகையில்லாத திடீர்ச் சூட்டில் இலை பொன் மஞ்சளாக மாறியது. பிற்பாடு இரும்புக் குழாய் வழியாகச் சூட்டை மட்டும் உள்ளே விட்டு அதையே முறையாக்கினார்கள். சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுவதால் அதில் வைக்கோலும் ரொட்டியும் மணக்கும். உலகத்து சிகரெட்டில் பெரும்பகுதி நிற்பது அந்தத் தூக்கத்தின் மேல்தான். கோடீஸ்வரர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஸ்டீபனை யாருக்குத் தெரியும்?

லூசியானாவின் பெரிக் இலையைப் பீப்பாயில் போட்டு அழுத்தி ஊறவைப்பதால் காடியும் பழமும் வரும். பெரியவரின் ஊருக்குப் பக்கத்தில் கெண்டல் பட்டணம். 1792ல் இருந்து மூக்குப்பொடி அரைக்கும் ஊர். அங்கத்திய பைப் புகையிலையில் பூ எண்ணெய் கலப்பார்கள். பிடித்தால் பாட்டியின் சோப்பு டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும். எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, விழிஞ்ஞத்துக்கு வருவோம்.

ஆய் மன்னர்கள் கோட்டை கட்டி ஆண்ட துறை, பாண்டியரும் சோழரும் மாறி மாறி அடித்துப் பிடித்த துறை, 1644லேயே ஆங்கிலேயக் கம்பெனி வந்து இறங்கிய துறை. 2025 மே மாதம் அங்கே பெரிய கண்டெய்னர் துறைமுகத்தைத் திறந்தார்கள். நான் சொல்வது அதற்கு வெகு முந்தைய, மீன் வாடையும் வலைகளுமாக இருந்த விழிஞ்ஞம். தாத்தா நாகர்கோவில் பக்கம் இருந்து போய்க் கடை போட்டவர். ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் வந்து நிற்பார்கள். கேட்கும் வார்த்தை ஒன்றுதான்: "ஜாப்பாணம்". கறுத்த, பிசுபிசுப்பான, புகை மணக்கும் இலை. ஒரு துண்டு கிள்ளி வெற்றிலைக்குள் வைத்து அடக்கிக்கொண்டால் கரை திரும்பும் வரை தாங்குமாம். 'வடக்கன்' என்று இன்னொரு இலையும் இருந்தது. அதைக் கேட்பவரை ஜாப்பாணம்காரர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்.

ஜாப்பாணம் என்றால் ஏதோ ஜப்பான் சரக்கு என்று பத்து வயது வரை நினைத்திருந்தேன். அது யாழ்ப்பாணம்!

அந்த டப்பா காலியானதும் பெரியவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இங்கே எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்குப் போனபோது ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து நீட்டினேன். முகர்ந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, உது எங்கட புகைக்குடில் மணமெல்லே! எங்கை எடுத்தனீர்?"

அவருடைய அப்பா தோட்டம் செய்தவர். கிணற்றுத் தண்ணீர் இறைத்து, ஆட்டெருவும் குழையும் தாட்டு வளர்த்த இலையை வெட்டி வாட்டி, மண் சுவர் வைத்த குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சும் ஊமலும் போட்டுப் புகை மூட்டுவார்களாம். தீ எரியக்கூடாது, புகை மட்டும்தான் வரவேண்டும். பொடியன்களுக்கு அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. "கண் எரியும், ஆனா நித்திரை கொண்டா அப்பா முதுகைப் பதம் பாத்துப் போடுவார்" என்றார். எனக்கு ஸ்டீபன் ஞாபகம் வந்தது.

நான் ஜாப்பாணம் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்கள் உதை மலையாளப் புகையிலை எண்டெல்லோ சொல்லுறனாங்கள்!"

பாருங்கள், விளைவித்த ஊரில் அது மலையாளம், மென்ற ஊரில் அது யாழ்ப்பாணம். இரண்டு கரையும் அடுத்தவன் பெயரை வைத்தே கூப்பிட்டிருக்கின்றன.

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட டச்சுக்காரர் காலத்திலேயே இந்த வியாபாரம் வேரூன்றிவிட்டது. குடாநாட்டின் காசு புகையிலை, அதன் பெரிய சந்தை திருவிதாங்கூர். திருவிதாங்கூர் அரசு லேசுப்பட்டதா? புகையிலையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அரசே வாங்கும், அரசே விற்கும், விலையும் அரசே வைக்கும். மிளகும் அப்படித்தான். ஒரு மீனவனின் வாயில் அடங்கிய துண்டில் இருந்து மகாராஜாவின் கஜானாவுக்குப் பங்கு போனது. விலை ஏறினால் கடத்தல் கூடாமல் இருக்குமா? கோயம்புத்தூர் இலையும் திருநெல்வேலி இலையும் எல்லை தாண்டி வந்தன. கடைசியில் திவான் மாதவராவ் 1860ல் மிளகின் ஏகபோகத்தையும் 1863ல் புகையிலையின் ஏகபோகத்தையும் எடுத்தார். அதன் பின் வியாபாரி யார் வேண்டுமானாலும் இறக்கலாம், சுங்கம் கட்டினால் போதும்.

என்னைக் குடைந்த கேள்வி வேறு. பக்கத்திலேயே மலிவாக இலை கிடைக்கும்போது கடல் தாண்டி வந்த இலையை ஏன் கேட்டார்கள்? எனக்குத் தோன்றும் பதில் அந்தப் புகைதான். வெயிலில் காய்ந்த இலையில் அது கிடையாது. வரியும் ஒப்பந்தமும் ஏகபோகமும் நிறைந்த இந்த வரலாறு முழுவதும், பொச்சுப் புகை ஒட்டிய ஓர் இலையை ஜனங்கள் விடமாட்டேன் என்றதன் மேல் நிற்கிறது.

சுங்கம் ஏற ஏற, 1930களில் யாழ்ப்பாண விவசாயிகள் மலையாளப் புகையிலைக்கென்றே கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாக்குப்பிடிக்கப் பார்த்தார்கள். இந்திய விடுதலைக்குப் பின் வரியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகி அந்தச் சந்தை கைவிட்டுப் போனது.

அப்படியானால் 1970களில் தாத்தா கடையில் தொங்கியது என்ன? அம்மாவிடம் போனில் கேட்டேன். "அது வேதாரண்யத்துல இருந்துல்லா வரும்" என்றாள் சாதாரணமாக. வேதாரண்யம், புதுக்கோட்டைப் பக்கம் அதே மாதிரி இலையைப் பயிரிட்டு, அதே மாதிரி புகை காட்டி, கேரளத்துக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணம் வராமல் போனது, ஜாப்பாணம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சிரியாவில் முடிந்ததை சைப்ரஸில் செய்து இன்னும் லடாக்கியா என்றே விற்கிறார்களே, அந்தக் கதைதான்.

கடைக்கு வரும் சிப்பத்தை முதலில் முகர்ந்து பார்ப்பது ஆச்சி. இலையை விரித்து மூக்கருகே கொண்டுபோய், நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். தாத்தா அவள் சொன்னபடிதான் விலை பேசுவார். அவளும் மெல்லுவாள், நாள் முழுக்க, சிறு வயதில் இருந்து. 1984ல் கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பு பட்டது என்று விட்டுவிட்டார்கள். அது ஆறாத புண்ணாகி, திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனபோது நேரம் கடந்திருந்தது.

மணத்தைத் தரும் அந்தப் புகையே பென்சோபைரீன் போன்ற புற்று விளைவிக்கும் பொருட்களையும் இலையில் ஏற்றிவிடுகிறது. இலையிலேயே உள்ள நைட்ரோசமைன்கள் தனி. பாக்கு அதற்குத் துணை. இதெல்லாம் பிறகு படித்தது. அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் 1996ல் ஆரம்பித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வீடு வீடாகப் போய், டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்ப்பது, அவ்வளவுதான் சோதனை. 2005ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. ஆச்சியின் வாயில் வெள்ளைத் திட்டு வந்தபோது டார்ச்சோடு யாரும் வரவில்லை.

கடைசி மாதங்களில் அவளால் கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. ஒருநாள் தாத்தாவிடம் சைகையில் ஏதோ கேட்டாள். அவர் கடைக்குப் போய்ப் புது சிப்பத்தைப் பிரித்து, பேப்பரில் சுற்றி ஓர் இலை கொண்டு வந்தார். அம்மா சண்டைக்கே போய்விட்டாள். ஆச்சி அதை வாயில் வைக்கவில்லை. மூக்கருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, இது நல்ல சிப்பம் இல்லை, திருப்பி அனுப்பு என்று கையைக் காட்டினாள்.